பேஜ்மேக்கரில் கிடக்கும் இலக்கியம்

சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழின் முதல் பிரதி இன்று யார் கையில் கிடைத்தாலும் படித்துவிடலாம். தாள் பழுத்திருக்கும், ஓரம் உதிரும், அவ்வளவுதான். 1999இல் வந்த ஒரு சிற்றிதழின் கணினிக் கோப்பை இன்று எடுத்துப் படித்துப் பாருங்கள். அது திறந்தால்.

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள், தமிழ்ச் சிற்றிதழ்களிலும் நூல்களிலும் பெரும்பகுதி பேஜ்மேக்கரில்தான் பக்கமாகி, டிரேசிங் எடுக்கப்பட்டு, அச்சகத்துக்குப் போயிற்று. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்த மென்பொருள் அது. 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு பேஜ்மேக்கரின் கதை முடிந்தது. அடோபி அதன் இடத்தில் இன்டிசைனை வைத்தது. இன்டிசைனின் சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் 6 முதல் வந்த பதிப்புகளின் கோப்புகளைத் திறக்க முடிந்தது. அடுத்த பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது வியாபாரக் கணக்கு. நமக்கோ, நம் கதைகளும் கவிதைகளும் சண்டைகளும் அந்தக் கோப்புகளுக்குள் இருக்கின்றன.

கோப்பு திறந்தாலும் தமிழ் வரும் என்று சொல்ல முடியாது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழ். அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பை. அன்று எழுத்துரு விற்ற ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசை வைத்திருந்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டி அரசு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களை ஏற்றது. இணையத்தில் டிஸ்கி என்ற இன்னொரு குறியேற்றம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழுக்கு 1991 முதலே இடம் உண்டு. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை போட்டது 2010இல், கோவை செம்மொழி மாநாட்டின்போது. அச்சுத் துறை அதற்கும் பின்னால்தான் வந்தது. சோம்பல் மட்டும் காரணமல்ல: கொம்பையும் காலையும் ஒழுங்காகச் சேர்த்துக் காட்டும் திறன் பக்க வடிவமைப்பு மென்பொருள்களுக்கு நெடுநாள் இல்லை. டிடிபி செய்கிறவர்களைக் குறை சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக ஒரு பூட்டு கழன்றுவிட்டது. இன்று இந்த இதழுக்கு வரும் படைப்புகளில் அநேகமாக எல்லாமே ஒருங்குறியில்தான் வருகின்றன. பலர் அத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எழுத்தைத் திறந்துவிட்டு, அதை வைக்கும் பெட்டியை மட்டும் இன்னொருவர் கையில் விட்டிருக்கிறோம்.

ஓடிஎஃப் எனப்படும் திறந்த ஆவண வடிவம் 2006இல் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் ஒப்புதல் பெற்றது. யாரும் படித்துப் பார்த்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் அதற்கு மென்பொருள் எழுதலாம். கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபிஸ் இயல்பாகவே அதில்தான் சேமிக்கிறது. அந்த வடிவத்தின் உரைக் கோப்பான ஓடிடி ஒன்றின் பெயர் முடிவை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே 'கன்டென்ட்' என்ற பெயரில் உள்ள கோப்பில் உங்கள் கட்டுரை படிக்கும்படியாகவே இருக்கும், நோட்பேடு போதும். ஐம்பது ஆண்டு கழித்து லிப்ரே ஆபிஸே இல்லாமல் போனாலும் அதை மீட்டுவிடலாம்.

இன்றைய வேர்டு கோப்பும் அப்படித்தானே, அதற்கும் ஐஎஸ்ஓ முத்திரை இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2008இல் அந்த முத்திரை கிடைத்தது. அதற்கு எதிராக வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஒப்புதலுக்குப் பிறகு பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலாவுடன் சேர்ந்து மேல்முறையீடும் செய்தது, பலிக்கவில்லை. அந்தத் தரத்தின் விவரணை 6000 பக்கத்துக்கு மேல். பழைய வேர்டு பதிப்புகளின் வினோதப் பழக்கங்களையும் சுமந்துகொண்டிருக்கும் ஒன்றை, அதைச் செய்த நிறுவனத்தைத் தவிர வேறு யாரால் முழுதாகப் பின்பற்ற முடியும்? பழைய டாக் கோப்போடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல் என்பதையும் மறுக்கவில்லை.

பிடிஎஃப் இருக்கிறதே என்பது அடுத்த பதில். படிக்கவும் அச்சுக்குக் கொடுக்கவும் பிடிஎஃப் நல்லது. 2008 முதல் அதுவும் ஐஎஸ்ஓ தரம்தான். ஆனால் தமிழ்ப் பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியைப் பிரதி எடுத்து ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். மறுபதிப்புக்கு அதை நம்பினால் முழுதும் மறுபடி அடிக்க வேண்டியதுதான். பதிப்பாளர்கள் பலர் அடித்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

பழையதை மீட்க இன்று வழி இருக்கிறது. மூடிய வடிவங்களின் உள்ளமைப்பைப் பிரித்துப் புரிந்துகொள்ள ஆர்வலர்கள் 2014இல் ஆவண விடுதலைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் உழைப்பால் லிப்ரே ஆபிஸ் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. பக்க அமைப்பு கொஞ்சம் குலையும், எழுத்து வந்துவிடும். பிறகு எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டால் ஒருங்குறி. நெகிழ்வட்டிலும் குறுவட்டிலும் பழைய இதழ்களை வைத்திருக்கும் ஆசிரிய நண்பர்கள் அந்த வட்டுகள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். வட்டே போய்விட்டால் எந்த ஆர்வலராலும் உதவ முடியாது.

பக்கம் வடிவமைப்பவரிடமும் ஒன்று கேளுங்கள். இன்டிசைனில் வேலை செய்தால், முடித்ததும் அதன் பரிமாற்ற வடிவமான ஐடிஎம்எல்லில் ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. அது ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் திறக்கும். இது ஏன் என்றால், 2013 முதல் அடோபியின் புதிய பதிப்புகள் சந்தாவில்தான் கிடைக்கின்றன. சந்தா கட்டாத மாதம் உங்கள் இதழை நீங்களே திறந்து திருத்த முடியாது. சிற்றிதழ் நடத்துகிறவனுக்குச் சந்தா வருவதே அபூர்வம், இதில் தன் இதழுக்கே தான் சந்தா கட்டுவது வேறு. எழுத்துருவுக்கும் வழி உண்டு: மீரா இனிமை, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருக்கள் வந்துவிட்டன. நூலுக்கேற்ற அழகான உடல் எழுத்து இன்னும் போதவில்லை என்பது எங்கள் கருத்து. ஆனாலும் வேலை நடக்கும்.

அடுத்த இதழிலிருந்து படைப்புகளை ஓடிடியில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். வேர்டிலேயே பழகியவர்கள் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. 'சேவ் ஆஸ்' கொடுத்தால் பட்டியலில் ஓடிடி இருக்கும். வேர்டு கோப்பு வந்தால் திருப்பி அனுப்ப மாட்டோம், நாங்களே மாற்றிக்கொள்வோம். பாமினியில் வந்தால் மட்டும் கொஞ்சம் முணுமுணுப்போம். கையெழுத்துப் பிரதி அனுப்புகிறவர்கள் வழக்கம்போல் அனுப்பலாம். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள்.