கட்டாத கப்பலுக்குக் காசு

ரப்பர்க் கன்று நட்டால் ஆறேழு ஆண்டில் பால் வெட்டலாம். பேராக்கில் இது யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய கணக்கில்லை. 1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே கிழவனாக நிற்கிறது. 2012 அக்டோபரில் அமெரிக்காவில் கிறிஸ் ராபர்ட்ஸ் என்பவர் வேறொரு கன்றை நட்டார். விண்வெளியில் கப்பல் ஓட்டி, வாணிபம் செய்து, சண்டை போட்டு, ஆயிரக்கணக்கானோர் ஒரே அண்டத்தில் இணையம்வழி விளையாடும் 'ஸ்டார் சிட்டிசன்'. 2014 நவம்பரில் தயாராகிவிடும் என்றார். அது இன்னும் 'ஆல்பா' என்ற பரிசோதனை நிலையைத் தாண்டவில்லை. ஆனால் பாலுக்கான காசு வசூலாகிவிட்டது. ரசிகர்கள் இதுவரை கொடுத்திருப்பது 80 கோடி டாலருக்கு மேல்.

இதை மோசடி என்று நாம் சொல்லவில்லை. ராபர்ட்ஸ் 1990இல் 'விங் கமாண்டர்' விளையாட்டைத் தந்தவர், தொழில் தெரிந்தவர். பணம் கட்டியவர்கள் உள்ளே போய்ப் பறக்கிறார்கள், சிலர் மணிக்கணக்கில் லயித்தும் கிடக்கிறார்கள். தனியாள் ஆடும் துணை விளையாட்டான 'ஸ்குவாட்ரன் 42' 2026இல் வரும் என்று 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். பலரும் சேர்ந்து ஆடும் பெரிய அண்டத்துக்கோ அன்றைக்கும் தேதி சொல்லவில்லை. நம்மை உறுத்துவது தாமதம் அல்ல, அந்தத் தாமதத்தை வைத்தே நடக்கும் வியாபாரம்.

இன்னும் வரைபடத்திலேயே இருக்கும் கப்பல்கள் அசல் பணத்துக்கு விற்கப்படுகின்றன. 2018இல் ஏறக்குறைய எல்லாக் கப்பல்களையும் ஒன்றாகக் கட்டி 27,000 டாலருக்கு ஒரு பொதி விற்றார்கள். அதைப் பார்ப்பதற்கே முன்பு 1,000 டாலர் செலவழித்திருக்க வேண்டும்! அந்த 27,000 டாலர் நம் பணத்தில் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் பிள்ளை ஐந்து ஆண்டுக்கு மேல் ஒரு காசு தொடாமல் சேர்த்தால்தான் அது கைகூடும். அவ்வளவு பெரிய பொதியை ஈப்போவில் யார் வாங்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். நாற்பத்தைந்து டாலர் பொதியும் இருக்கிறது, அதை மின்பணப்பையில் ஒரு தட்டலில் வாங்கலாம். நாம் கவலைப்படுவது அந்தத் தட்டலைப் பற்றித்தான்.

அதை வாங்குதல் என்றும் அங்கே சொல்வதில்லை, 'ஆதரவு உறுதி' என்கிறார்கள். 2018இல் அமெரிக்காவில் ஒருவர் தான் கட்டிய 4,500 டாலரைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போனார். நடுவரிடம்தான் முறையிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது, வழக்கு தள்ளுபடியாயிற்று. 2021இல் பிரிட்டனின் விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு தலையிட்ட பிறகுதான், இந்தக் கப்பல் இன்னும் விளையாட்டில் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற நிலை வந்தது. இல்லாத பொருளை இல்லை என்று சொல்லவைக்க ஒன்பது ஆண்டு!

இந்தத் துறையில் விதைத்ததெல்லாம் முளைப்பதும் இல்லை. 2006இல் அறிவித்த 'ஸ்டார்கேட் வேர்ல்ட்ஸ்' வெளிவராமலேயே நிறுவனம் நொடித்துப்போனது. 2025 ஜூலையில் மைக்ரோசாப்ட் சுமார் 9,000 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது, அதன் செனிமேக்ஸ் ஆன்லைன் ஸ்டூடியோஸ் பல ஆண்டு உழைத்துக்கொண்டிருந்த 'பிளாக்பேர்ட்' என்ற அறிவியல் புனைவு இணைய விளையாட்டும் குழிக்குள் போனது. சோனியின் 'கான்கார்ட்' விளையாட்டு 2024 ஆகஸ்ட் 23இல் வந்து செப்டம்பர் 6இல் மூடப்பட்டது. அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

பேராக் மக்களுக்குப் பளபளப்பான படத்தைக் காட்டி ஒரு கனவுலகை விற்பது புதிதல்ல. மேரு ராயாவில் 50 கோடி வெள்ளிக்கு மேல் விழுங்கியதாகச் சொல்லப்பட்ட மேப்ஸ் அசைவூட்டப் பூங்கா 2017 ஜூனில் திறந்தது. விளம்பரப் படங்களில் இருந்த எல்லாமும் அன்று தயாராக இருக்கவில்லை. 2020 ஜனவரியில் கதவு சாத்தப்பட்டது. பூங்கா மூடினால் பூட்டிய கதவையாவது போய்ப் பார்க்கலாம். இணைய விளையாட்டின் சர்வரை அணைத்துவிட்டால் பார்ப்பதற்கு எதுவுமே மிஞ்சாது. 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களால், 2024 மார்ச் 31க்குப் பிறகு தனியாக உட்கார்ந்தும் அதை ஆட முடியவில்லை. அந்தக் கோபத்தில் எழுந்த ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்து தாண்டியது.

தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு இந்த நிலைமை உடனே புரியும். லயத்து வீட்டில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, வாசலில் முருங்கை நட்டு, கோயிலுக்குக் கூரை போட்டு, நாற்பது வருஷம் பால் வெட்டியிருப்பார்கள். வீடு மட்டும் துரையுடையது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல் வந்தபோது, தோட்டம் கைமாறிய செய்தியே பல இடங்களில் கடைசியாகத்தான் லயத்துக்கு வந்து சேர்ந்தது. முருங்கையைப் பெயர்த்தெடுத்துப் போக முடியுமா? கப்பலுக்கும் விண்வெளி வீட்டுக்கும் காசு கட்டும் பேரப்பிள்ளைகளும் இன்று குடியிருப்பது துரையின் லயத்தில்தான். அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி, உடைமை அல்ல.

துண்டாடலுக்குப் பதில் சொன்னவரும் நம் பேராக்காரர்தான். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். கெடாவின் புக்கிட் சீடிம்தான் முதல் தோட்டம். அதுவும் வசதி இல்லாதவர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டிய திட்டம்தான். ஆனால் கொடுத்தவர் பங்குதாரர் ஆனார், பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டார், காலடியில் நிலம் இருந்தது. 80 கோடி டாலர் கொடுத்த ஸ்டார் சிட்டிசன் ரசிகர்களுக்கு ரசிகர் என்ற பட்டம் தவிர அந்த நிறுவனத்தில் ஒரு பங்கும் கிடையாது.

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு இதை விளையாட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கக்கூடாது. விற்பது அனுமதி மட்டும்தான் என்றால் அதை வாங்கும் இடத்திலேயே சொல்ல வேண்டும் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. மலேசியரிடம் வெள்ளியில் காசு வாங்கும் எந்தக் கடைக்கும் அதே விதி இங்கே ஏன் இல்லை? தயாராகாத பொருளை விற்றால் ஒப்படைக்கும் கெடு வேண்டும், கெடு தவறினால் பணம் திரும்ப வேண்டும். ஐந்து வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரிக்கை வைக்கப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் எதிர்த்தரப்பு மான்செஸ்டரிலோ லாஸ் ஏஞ்சலிசிலோ இருந்தால் அந்தத் தீர்ப்பை எந்தக் கதவில் ஒட்டுவது? உள்நாட்டில் முகவரியும் பதிலாளும் இல்லாதவர் இங்கே முன்விற்பனை செய்யக்கூடாது என்று ஆக்காதவரை அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

அமைச்சு அசையும் வரை பெற்றோர் ஒன்று செய்யலாம். பையன் கப்பல் வாங்கியிருந்தால் திட்டுவதற்கு முன், அந்த விற்பனைப் பக்கத்தையும் ரசீதையும் தேதி தெரியும்படி படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன.