காதுகுத்துப் படம் யாருக்குச் சொந்தம்?

குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறது. மொட்டைத் தலையில் சந்தனம். ஊசி பட்டதும் 'வீல்' என்று கத்துகிறது. அந்த நேரம் பார்த்து அத்தை செல்போனில் படம் பிடிக்கிறார். மறு நிமிடம் படம் இன்ஸ்டாகிராமில் ஏறிவிடுகிறது. பந்தி முடிவதற்குள் நூறு பேர் பார்த்துவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் மகிழ்ச்சி. சரி, அந்தப் படம் இப்போது யாருக்குச் சொந்தம்?

"இது என்ன கேள்வி? எங்களுக்குத்தான்!" என்பீர்கள். அது பாதி சரி. மறு பாதியையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

நம் நாட்டில் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி, படத்தை எடுத்தவருக்கே அது சொந்தம். அதாவது, அத்தைக்கு! பணம் கொடுத்துப் போட்டோகிராபரை வைத்து எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்தவருக்குச் சொந்தம்.

படத்தில் இருக்கிற குழந்தைக்கு? இந்தச் சட்டத்தில் பங்கு இல்லை.

இன்ஸ்டாகிராமும் பேஸ்புக்கும் இதை மறுக்கவில்லை. "படம் உங்களுடையதே" என்றுதான் அவர்களுடைய நிபந்தனைகளில் எழுதியிருக்கிறது. ஆனால், அடுத்த வரியைப் படிக்க வேண்டும். அந்தப் படத்தைப் பயன்படுத்தலாம், நகல் எடுக்கலாம், மாற்றலாம், உலகில் எங்கும் காட்டலாம், அந்த அனுமதியைப் பிறருக்கும் கொடுக்கலாம். இதற்காக உங்களுக்கு ஒரு காசும் தர வேண்டியது இல்லை. 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தியபோது, இதற்கெல்லாம் நீங்கள் தலையாட்டிவிட்டீர்கள்.

வீட்டுப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது. சாவியில் ஒன்று அவர்கள் கையில் இருக்கிறது. வாடகை கிடையாது. இதுதான் நிலைமை.

ஓரளவு அனுமதி தேவைதான்

கம்பெனி பக்கமும் நியாயம் உண்டு. காதுகுத்துப் படத்தைச் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா பார்க்க வேண்டும். அதற்கு, படத்தைக் கம்பெனியின் எந்திரங்களில் நகல் எடுத்து வைக்க வேண்டும். செல்போன் அளவுக்குச் சுருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் இதைச் செய்ய முடியாது.

தபால்காரர் கடிதத்தைக் கொண்டுபோக, அவர் கையில் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? ஆனால், அவர் அதைப் பிரித்துச் சந்தையில் ஒட்டினால் நாம் சும்மா இருப்போமா? கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

2012-ல் நடந்தது

2012-ம் ஆண்டு ஏப்ரலில், இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகப் பேஸ்புக் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி, இன்ஸ்டாகிராம் புது நிபந்தனை ஒன்றை வெளியிட்டது.

வியாபாரக் கம்பெனிகள் பணம் கொடுத்தால், உங்கள் பெயரையும் படங்களையும் விளம்பரத்தோடு சேர்த்துக் காட்டலாம். உங்களுக்குப் பங்கு கிடையாது. நீங்கள் 18 வயது ஆகாதவரா? பெற்றோரில் ஒருவர் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்களாம்!

மக்கள் கொதித்தார்கள். பலர் கணக்கையே மூடப்போவதாகச் சொன்னார்கள். மறுநாளே, இன்ஸ்டாகிராமைத் தொடங்கியவர்களில் ஒருவரான கெவின் சிஸ்ட்ரம், "படங்களை விற்கும் எண்ணம் இல்லை" என்று விளக்கம் சொன்னார். டிசம்பர் 20-ந் தேதி அந்த விளம்பர நிபந்தனை வாபஸ் ஆயிற்று. மூன்றே நாள்!

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது ஒன்று. கேட்டால் திருப்பிக் கொடுப்பார்கள் என்பது இன்னொன்று.

"எங்கள் படம் யாருக்கு வேண்டும்?"

"நாங்கள் என்ன சினிமா நட்சத்திரமா? எங்கள் படத்தை வைத்து என்ன செய்யப் போகிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம்.

பேஸ்புக்கில் ஒரு பொருள் பிடித்திருக்கிறது என்று பொத்தானை அழுத்தியவர்களின் பெயரும் படமும், அந்தப் பொருளின் விளம்பரமாக நண்பர்களுக்குக் காட்டப்பட்டன. 2011-ல் அமெரிக்காவில் சிலர் வழக்குப் போட்டார்கள். 2 கோடி டாலர் தந்து வழக்கை முடித்துக்கொள்ளக் கம்பெனி சம்மதித்தது. 2013-ல் கோர்ட்டு அதை ஏற்றுக்கொண்டது. பணம் கேட்டு மனுப்போட்டவர்களுக்குத் தலைக்கு 15 டாலர். அவர்கள் யாரும் நட்சத்திரங்கள் அல்ல. உங்களையும் என்னையும் போன்றவர்கள்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. செயற்கை அறிவு எந்திரங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் படங்கள் வேண்டும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் சொந்தக்காரரான மெட்டா கம்பெனி, எல்லோரும் பார்க்கும்படி மக்கள் போட்ட பதிவுகளையும் படங்களையும் இதற்குப் பயன்படுத்தியதாக 2023-ல் சொன்னது. உற்றார் உறவினருக்கு மட்டும் காட்டியவற்றைத் தொடவில்லை என்றும் சொன்னது.

நம் நாட்டில் 2023-ல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால், ஒருவர் தம்மைப் பற்றிய விவரத்தைத் தாமே ஊரறிய வெளியிட்டிருந்தால், அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கதவை நாமே திறந்து வைத்தால், காவல்காரரைக் குறை சொல்ல முடியாது.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் கம்பெனிகள் செய்ய வேண்டியது. நிபந்தனைகளைத் தமிழில், ஒரே பக்கத்தில், எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி எழுதட்டும். படத்தை உறவினருக்குக் காட்ட ஓர் அனுமதி. விளம்பரத்துக்கு வேறு அனுமதி. எந்திரத்துக்குப் பாடம் சொல்ல இன்னொரு அனுமதி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கட்டும். புரியாத பத்திரத்தில் வாங்கிய கைநாட்டு, சம்மதம் ஆகாது. சட்டம் இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

அடுத்து, நாம் செய்ய வேண்டியது:

குடும்பப் படங்களை 'எல்லோருக்கும்' என்று போடாதீர்கள். தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள்.

குழந்தை குளிக்கும் படம், பள்ளிக்கூடப் பெயர் தெரியும் படம் வேண்டவே வேண்டாம்.

பிறர் படத்தைப் போடுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வேண்டாத பழைய படங்களை அழியுங்கள். கம்பெனியின் எந்திரங்களிலிருந்து படம் அழிந்ததும், கொடுத்த அனுமதியும் முடிந்துவிடும். ஆனால், அதற்குள் பிறர் எடுத்துக்கொண்ட நகலைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே, அழிப்பதைவிடப் போடாமல் இருப்பதே நல்லது.

காதுகுத்துப் படத்தை எடுங்கள். அழகாகச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுங்கள். பாட்டிக்கு ஒரு பிரதி கொடுங்கள். ஊர் முழுவதற்கும் காட்டுவதா, வேண்டாமா என்பதைக் குழந்தை வளர்ந்து தானே சொல்லட்டும். காது மட்டுமல்ல, முகமும் அதனுடையதுதானே?