வண்டி ஒன்று, வீடுகள் பல

கோழிக்கோட்டில் 1993-ஆம் ஆண்டு தோன்றியது ஒரு வலிநிவாரண சங்கம். 2008-ல் கேரள சர்க்காரே அவ்வழியைத் தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. இன்று அங்கே பஞ்சாயத்து நர்ஸ் அம்மாள், படுத்த படுக்கையாயிருப்போரின் வீடுகளுக்குத் தொண்டர்களுடன் வண்டியேறிப் போகிறார்.

நம் மனத்தைக் கவர்வது, வண்டி கிளம்புமுன் நடக்கும் காரியம். காலையில் ஒருவர் ஜாபிதாவை விரித்துக்கொண்டு உட்காருகிறார். மூத்திரக் குழாய் மாற்றவேண்டிய கிழவர் ஒருவர்; படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்றவேண்டிய பாட்டி ஒருத்தி. அதற்குள் டெலிபோன் மணி. இன்னொரு வீட்டில், புற்றுநோய்க்காரர் இராமுழுதும் வலியால் துடித்தாராம். வண்டியோ ஒன்றுதான்! அங்கே முதலில் போவதென்றால் பாட்டியின் முறை நாளைக்குத் தள்ளிப்போகும். அதைப் பாட்டியின் மருமகளிடம் சொல்லி, உப்பு நீரால் புண்ணைக் கழுவும் விதத்தையும் நினைவூட்டி, அவள் கோபத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வைத்தியருக்குக் கும்பிடு கிடைக்கிறது. ஜாபிதா எழுதுகிறவருக்கு ஏச்சுத்தான். (நம் வீட்டில் ஒரே ஒரு தாத்தாவை யார் பார்த்துக்கொள்வதென்று தீர்மானிக்கவே நமக்கு ஒரு வாரம் பிடிக்கிறது!)

மாலையில் வண்டி திரும்பியதும் மறுநாள் ஜாபிதாவில் பாட்டியின் பெயர் முதலில் ஏறுகிறது. இரவில் மணி அடிக்காமலிருந்தால், அது அங்கேயே இருக்கும்.