லோடர் காணோம் என்றால் ஃபார்மட்டா?

பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்று ஒரு வரி வரும். ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனால், திறந்துகூடப் பார்க்காமல் தீர்ப்பு சொல்வார்கள்: "ஃபார்மட் பண்ணணும் சார்."

இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். காணோம் என்பது விண்டோஸை எழுப்பிவிடும் ஒரு சின்னக் கோப்பைத்தான். பேரன் படங்களும் பென்ஷன் கடிதங்களும் பெரும்பாலும் டிஸ்கில் அப்படியே இருக்கும். இன்டெக்ஸ் ரெஜிஸ்டர் காணோம் என்று ரெக்கார்ட் ரூமையே கொளுத்துவார்களா?

பல சமயம் அந்தக் கோப்பும் எங்கேயும் போயிருக்காது. செருகி மறந்த பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டர் கிளம்பப் பார்த்தாலும் இதே வரிதான் வரும். முதலில் அதை எடுங்கள். தேதியும் நேரமும் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள காசு மாதிரியான 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றி, பயாஸில் ஹார்ட் டிஸ்கை முதலாவதாக வையுங்கள். கோப்பு நிஜமாகவே போயிருந்தால், எக்ஸ்பி சிடியின் ரெகவரி கன்சோல் வழியாக, ஐ386 ஃபோல்டரிலிருந்து நகலெடுத்துப் போடலாம்.

"எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு ஆதரவு நின்றுபோச்சே" என்பார்கள். சரி, அதில் இன்டர்நெட் பக்கம் போக வேண்டாம். அதற்காக உள்ளே இருப்பதை ஏன் அழிக்க வேண்டும்? ஃபார்மட் தவிர வேறு வழியே இல்லை என்றாலும், டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிக் கோப்புகளை எடுத்த பிறகு செய்யட்டும்.

"காப்பி எடுத்தாச்சா?" என்று முதலில் கேட்காதவரிடம் உங்கள் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்.