அட்வான்ஸ்டு பக்கத்தில் கைவைக்கும் முன்

வீடு வீடாக இணைய இணைப்பு கொடுத்துத் திரும்பும் நம் தொழிலர்களில் பலர், ரவுட்டருக்குள் 'அட்வான்ஸ்டு' என்று பெயரிட்டு வைத்திருக்கும் பக்கத்தை ஒன்று திறந்தே பாராமல் வந்துவிடுகிறார்கள். அல்லது திறந்த மாத்திரத்தில் அதிலுள்ள ஒவ்வொன்றையும் உச்ச அளவுக்கு ஏற்றிவிட்டு, கிருகஸ்தரின் அப்போதைய திருப்தியையே தங்கள் சாமர்த்தியத்துக்குச் சாட்சியாகக் கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். இவ்விரண்டில் பின்னதே விபரீதமானது என்பது எமது அபிப்பிராயம். முன்னவர் செய்யாமல் விட்டதன் நஷ்டம் அந்த ஒரு வீட்டோடு போகும். பின்னவர் செய்ததோ சுவரைத் தாண்டிச் சென்று, அவரை அழைக்காத அண்டை வீட்டாருக்கும் உபத்திரவமாகிறது.

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைப் பார்ப்போம். 2005-இல் நம் நாட்டில் உரிமம் தேவையில்லாததாக அறிவிக்கப்பட்ட இப்பட்டையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். திரையில் 13 சேனல்கள் தெரிந்தாலும், அவை 5 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றாக நெருக்கி வைக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் வேலை செய்யக் கேட்கும் இடமோ 20 மெகாஹெர்ட்ஸ். 1, 6, 11 ஆகிய மூன்றுமே மோதலின்றி ஒருங்கே இயங்கும் என்பது நாம் எல்லோரும் படித்த பாடம். எனினும் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் நின்று போனில் ஸ்கேன் செய்து, அம்மூன்றிலும் கூட்டம் மொய்ப்பதைக் கண்டதும், "இங்கே காலியாகத்தானே இருக்கிறது" என்று 3-ஐயோ 8-ஐயோ தேர்ந்தெடுக்கும் பழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

இந்தத் தேர்வு ஏன் தவறென்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரவுட்டர்கள், ஒன்றன் சமிக்ஞையை மற்றொன்று வைஃபை என்று இனங்கண்டு, அது -82 டிபிஎம் வரை மெலிந்து வந்தாலும் வழிவிட்டுத் தம் முறைக்காகக் காத்து நிற்கின்றன. பாதி மேலே விழும் சேனலிலிருந்து வருவதோ புரியாத இரைச்சலாக மட்டுமே எட்டுவதால், அது -62 டிபிஎம் அளவுக்கு வலுத்தாலன்றி வழிவிட வேண்டிய நிர்ப்பந்தம் அவற்றுக்கு இல்லை. இடையிலுள்ள 20 டெசிபல் என்பது சக்தியில் 100 மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்குள் அகப்பட்ட இருவரும் ஏககாலத்தில் அனுப்பி, இரு தரப்புப் பாக்கெட்டுகளும் பாழாகி, இருவரும் மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்க, சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். நெரிசலான 6-இல் முறை காத்து நிற்பது, காலியாகத் தோன்றும் 8-இல் இருவரையும் கெடுப்பதைவிட மேல். 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை இப்பட்டையில் போடுவதோ, இருக்கிற மூன்றில் இரண்டை ஒரே வீடு ஆக்கிரமித்துக்கொள்வதாகும்; சுற்றிலும் வீடுகளில்லாத தோட்டத்து மாளிகைக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம்.

சக்தியை ஏற்றுவது இதற்கு அடுத்த பிரமை. கோயில் ஒலிபெருக்கி தெருக்கோடிவரை கேட்கும். தெருக்கோடியில் நிற்பவர் முணுமுணுப்பது கோயிலுக்குக் கேளாது. போனின் சக்தி அதன் பாட்டரிக்குக் கட்டுப்பட்டது. ரவுட்டரில் நாம் ஏற்றுவதால் அது ஏறுவதில்லை. சக்தியை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல். ஒரு கான்கிரீட் சுவர் விழுங்குவது 10 டெசிபலுக்கும் மேலாக இருக்கக்கூடும். இரும்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து ரவுட்டரை எடுத்து நடுக்கூடத்தில் உயரமாக வைப்பதன் பயனை எந்த அமைப்பும் தராது. எமது அனுபவத்தில் சக்தியைக் குறைப்பதே பல வீடுகளில் மருந்தாகிறது: 2.4-ஐ 5 கிகாஹெர்ட்ஸைவிட 6 டெசிபல் அளவுக்குத் தாழ்த்திவிட்டால், பக்கத்திலிருக்கும் போன்கள் தாமாகவே 5-ஐ நாடுகின்றன.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 36 முதல் 48 வரையிலும், 149 முதல் 161 வரையிலும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைச் சிரமமின்றிப் போடலாம். இடையிலுள்ள 52 முதலான சேனல்களில், ராடாருக்கு வழிவிடும் ஏற்பாடுள்ள ரவுட்டர், பேசத் தொடங்குமுன் 60 விநாடி மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். ராடார் தட்டுப்பட்டால் அந்தச் சேனலை 30 நிமிஷம் விலக்கி வைக்கும். இதை அறியாத வாடிக்கையாளர், மின்சாரம் வந்து ஒரு நிமிஷமாகியும் 5-இன் பெயர் காணவில்லையென்று நமக்குப் போன் செய்வார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பீக்கன் இடைவெளி 100, ஆர்டிஎஸ் எல்லை 2347, துண்டாக்கும் எல்லை 2346 ஆகியவற்றைத் தொடாதீர்கள். கடைசி இரண்டும் அந்த எண்களில் இருப்பதற்கு, அவை அணைக்கப்பட்டிருக்கின்றன என்பதே அர்த்தம். புது ரவுட்டர், புது போன், ஆனாலும் வேகம் 54 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்று புகார் வந்தால், யாரோ டபிள்யூஎம்எம்-ஐ அணைத்திருக்கிறார்களா, பாதுகாப்பு முறை பழைய டிகேஐபி-யில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். இவை இரண்டில் எது நேர்ந்தாலும், 802.11n தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் தரும் வேகங்கள் முடங்கிப்போகும். பெயரை மறைத்து வைப்பது பாதுகாப்பு என்று எண்ணுவதும் வீண். மறைத்த பெயரைப் போனே போகுமிடமெல்லாம் கூவிக்கொண்டு திரியும்.

டபிள்யூபிஎஸ் பின்னை மட்டும் ஈவிரக்கமின்றி அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கமுள்ள அந்தப் பின்னை இரண்டு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்ப்பதால், 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று ஸ்டெஃபான் ஃபீபாக் 2011 டிசம்பரில் வெளிப்படுத்தினார். இத்தனை ஆண்டுகள் கழிந்தும், சில பெட்டிகளில் அது திறந்தே வருவதற்கு நியாயம் ஏதும் எமக்குத் தெரியவில்லை.

பெட்டியை ரீசெட் செய்தால் நாம் செய்த யாவும் அழிந்துபோகும். அடுத்து வருபவர் மறுபடி எல்லாவற்றையும் ஊகித்தே தொடங்க வேண்டியிருக்கும். ஆகையால் மாற்றியவற்றைப் பட்டை, சேனல், அகலம், சக்தி, தேதி என ஒரு சிறு சீட்டில் எழுதி, ரவுட்டரின் அடிப்புறத்தில் ஒட்டிவிட்டு வரும் வழக்கத்தை இம்மாதம் முதலே மேற்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.