கணவர் ஆளுநர், மனைவி நீதிபதி

ராசிங்காபுரத்துப் பெரியவர் மஞ்சப்பையிலிருந்து பத்திரத்தை வெளியே எடுப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார்: "மதுரைல நம்ம கேஸைப் பாக்குற ஜட்ஜு யாருக்கு வேண்டியவங்க?" வழக்கின் பலமெல்லாம் அப்புறம்தான். போடியில் வழக்கு நடத்தும் எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை. போவது அவர் நிலம்.

இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் நீதிபதியாக இருந்தவர் அமெரிக்காவின் மார்ஜரி ரெண்டல். பிலடெல்பியாவில் இருபது ஆண்டு வழக்கறிஞர். 1994இல் அவரைக் கூட்டாட்சி நீதிபதியாக்கி, 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தியவர் அதிபர் கிளின்டன். கணவர் எட் ரெண்டலும் கிளின்டனின் கட்சிக்காரர். மனைவி நீதிபதியானபோது அவர் அந்நகரின் மேயர். 2003 முதல் 2011 வரை பென்சில்வேனியா ஆளுநர். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வரைப் போல. எட்டு ஆண்டும் மனைவி நீதிபதியாகவே தொடர்ந்தார்.  

நடுநிலையில் நியாயமான சந்தேகம் எழுமானால் நீதிபதி விலக வேண்டும் என்கிறது அங்குள்ள சட்டம். சட்டம் இருந்தும் சறுக்கல் உண்டு. 2022 ஜனவரியில் டிரம்ப் ஆவணங்கள் பற்றிய வழக்கில் விலகாமல், எட்டுப் பேருக்கு எதிராகத் தனித்து நின்றவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். 2020 தேர்தல் முடிவை ஏற்காதீர்கள் என்று டிரம்ப்பின் தலைமை அலுவலருக்குத் தாமஸின் மனைவி அனுப்பிய குறுஞ்செய்திகள் மார்ச்சில் வெளிவந்தன.

நம் உச்ச நீதிமன்றம் 1997 மே 7இல் ஏற்ற நெறிமுறை, நீதிபதியின் கணவரோ மனைவியோ வழக்கறிஞராக இருந்தால் அந்த நீதிபதி முன் ஆஜராகக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. குடும்பத்தார் சம்பந்தப்பட்ட வழக்கைத் தொடக் கூடாது என்கிறது. கணவரோ மனைவியோ அரசியல் கட்சிக்காரராக இருந்தால்? அதற்கென்று தனி வரி இல்லை. அரசியல்வாதியின் மனைவிக்கு நீதிபதி நாற்காலியே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் படிப்பும் உழைப்பும் அவருடையவை. நான் கேட்பது ஒன்றுதான்: விலகினால் காரணத்தை எழுதுங்கள். 2015இல் நீதிபதி குரியன் ஜோசப் தன் தீர்ப்பில் வற்புறுத்தியதும் இதைத்தான். இன்றும், வேறு அமர்வுக்கு மாற்றுக என்ற ஒற்றை வரியோடு வரும் உத்தரவுகள் உண்டு.

காரணம் எழுதியிருந்தால் பெரியவருக்கு வாசித்துக் காட்டுவேன். இல்லையென்றால், பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லும் காரணத்தோடுதான் அவர் ராசிங்காபுரத்தில் இறங்குவார்.

– கட்டுரையாளர், போடிநாயக்கனூர் வழக்கறிஞர்