மதுரை என்றால் ஊசியா?

பேரையூரில் இருக்கும் எங்களுக்கு 'டவுன்' என்றால் அது மதுரைதான். ஆனால் எதற்குப் போகிறோம்? கல்யாண ஜவுளி எடுக்க. இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு!

போன மாதம், "மதுரைக்குப் போவோமா?" என்று கேட்டதும் என் நாலு வயது மகள் ஓடிப்போய் அத்தையின் முந்தானையில் ஒளிந்துகொண்டாள். "ஊசி போடுவாங்க. நான் வரமாட்டேன்!"

எனக்குச் சுருக்கென்றது. அத்தை சிரித்தார். "எனக்கு மட்டும் என்ன தெரியும்? முழங்கால் டாக்டரைப் பார்ப்பேன், பஸ் ஏறிடுவேன்."

அந்த ஞாயிறே புளிச்சோறு கட்டிக்கொண்டு, காய்ச்சி ஆற வைத்த தண்ணீருடன் திருமங்கலம் வழியாகக் கிளம்பிவிட்டோம்.

மத்தியானம் நடை சாத்திவிடுவார்களே என்று முதலில் மீனாட்சியம்மன் கோயில். அங்கே ஒரே கல்லில் ஆன முக்குறுணிப் பிள்ளையாரைப் பார்த்து மகள் வாயைப் பிளந்தாள். விநாயகர் சதுர்த்திக்கு இவருக்கு மூன்று குறுணி, அதாவது 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை! "எவ்வளவு பெரிய இட்லிக் கொப்பரை வேணும்?" என்று அத்தை கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

அடுத்து, 1636-ல் எழுந்த திருமலை நாயக்கர் மகால். நாங்கள் மூவரும் கைகோத்தும் ஒரு தூணைக் கட்டிப் பிடிக்க முடியவில்லை. அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசியதாம், அந்தப் பளபளப்பு! இன்று நிற்பது பழைய அரண்மனையில் ஒரு பகுதிதான்.

வெயில் தாழ்ந்ததும் டவுன் பஸ்ஸில் வண்டியூர் தெப்பக்குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளத்தைத்தான் 1645-ல் குளமாகக் கட்டினார்கள் என்பார்கள். காலையில் பார்த்த பிள்ளையாரும் அங்கே தோண்டும்போது கிடைத்தவராம்! வைகைத் தண்ணீரும், நடுவிலே மைய மண்டபமும், சிலுசிலுவென்ற காற்றும்... அத்தை முழங்காலையே மறந்துவிட்டார்.

சகோதரிகளே, சின்னப் பிள்ளைகளோடு போனால் ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள். குளத்தங்கரையில் பிள்ளையின் கையை விடாதீர்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனாலும், ஒரு மணி நேரம் ஊருக்கென்று ஒதுக்குங்கள்.

இந்த வாரம் தடுப்பூசி என்றேன். மகள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஊசி போட்டுட்டு, பெரிய பிள்ளையாரைப் பார்ப்போமாம்மா?"